முதல் வரைவில் கையெழுத்து போடாதவர்

நோட்டரி வேலை என்றால் மூன்று கேள்வி, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. இதற்குப் போய் ஒருத்தி வீடு வீடாக அலையணுமா என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பையில் முத்திரையைப் போட்டுக்கொண்டு டிரைவ் பண்ணும் என் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியும். நம்மை யாரும் சந்தோஷமாகக் கூப்பிடுவதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் கூப்பிடுவார்கள், டிவோர்ஸுக்குக் கூப்பிடுவார்கள், உயிலுக்குக் கூப்பிடுவார்கள். நாம் போய் உட்கார்ந்து, நீங்கள் யார், இது என்ன பேப்பர், உங்கள் இஷ்டப்படிதான் கையெழுத்து போடுகிறீர்களா என்று கேட்போம். பதில் சரியாக வந்தால் முத்திரை. வராவிட்டால் பையை மூடிக்கொண்டு கிளம்பணும்.

நான் எழுதப்போவது ஒரே ஒருவரைப் பற்றி. நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகள் எஸியோடு இருந்த எண்பத்து மூன்று வயது அம்மா. மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரம் ஒரு சின்ன நாடு. அதன் முதல் பெண் தூதர், பிறகு எம்.பி., பிறகு மந்திரி. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் உடனே கூகுள் பண்ணிவிடுவீர்கள். அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் மனசில் பதிந்தது என்னவோ நம்ம பேச்சாகத்தான்.

பாஸ்போர்ட்

முதல் தடவை போனபோது ஐ.டி. கேட்டேன். அலமாரியைத் திறந்து ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். தூதர்களுக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட். உள்ளே ராணி மாதிரி ஒரு இளம்பெண் போட்டோ. நான் போட்டோவை ரசித்துவிட்டு, தேதியைப் பார்த்துவிட்டு, மேடம், இது செல்லாது, எக்ஸ்பயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு என்றேன். எஸி பின்னால் நின்று கண்ணால் ஜாடை காட்டினாள், சும்மா இரேன் என்று. நமக்கு எங்கே அதெல்லாம் உறைக்கும்!

அவர் கோபப்படவில்லை. நியூ ஜெர்சி ஐ.டி.யை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேடம் எல்லாம் வேண்டாம், எங்க ஊரிலும் பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம் என்றார். அப்புறம் சொன்னார்: "இந்த பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுந்து நின்னவங்களை எனக்குத் தெரியும். தேதியைப் பார்த்தவ நீ ஒருத்திதான்."

ரோஜாத் தோட்டம்

அன்று கையெழுத்து ஆகவேண்டியது அவருடைய உயில். அதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: இறந்தபின் உடலை அவருடைய ஊருக்குக் கொண்டுபோய், கணவர் பக்கத்தில் அடக்கம் பண்ணவேண்டும். எஸிக்குச் சம்மதம். ஹூஸ்டனில் இருக்கும் மகனுக்குச் சம்மதமில்லை. அந்த நாட்டை நம்பி அம்மாவை அனுப்பமாட்டேன், இங்கே கல்லறையில் குடும்பத்துக்கென்று இடம் வாங்கிவைத்திருக்கிறேன் என்று ஒரே பிடி. பேப்பர் இருந்தால்தான் எஸி பேசமுடியும்.

ஆன்ட்டி பென்சிலை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். பதினோரு இடத்தில் கோடு. இன்றைக்குக் கையெழுத்து இல்லை என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு கதை சொன்னார். மீன்பிடி எல்லை பற்றி ஒரு மாநாடு. வந்த தூதர்களில் அவர் ஒருத்தர்தான் பெண். வரவேற்பில் இருந்தவர் அவர் கையில் மனைவிமார்களுக்கான சுற்றுலாச் சீட்டைக் கொடுத்துவிட்டார். பெரிய நாட்டுக்காரர்கள் சாப்பாட்டு நேரம் பார்த்து வரைவை நீட்டினார்களாம், பசியில் எல்லோரும் கையெழுத்து போட்டுவிடுவார்கள் என்று. இவர் ஒன்பது நாள் போடவில்லை. கடைசியில் கேட்ட எல்லையை வாங்கிக்கொண்டுதான் போட்டார்.

அந்தச் சுற்றுலாச் சீட்டு என்ன ஆச்சு என்று கேட்டேன். "என் புருஷன் போய் ரோஜாத் தோட்டம் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்."

ஆர்டர் எங்கே

இரண்டாவது வரைவோடு போனேன். அதிலும் பென்சில் கோடு. எனக்கு எரிச்சல்தான், ஒளிப்பானேன். ஆன்ட்டி, இவ்வளவு பார்க்கணுமா என்று கேட்டே விட்டேன்.

மந்திரியாக இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்த கதையை அன்றுதான் சொன்னார். காலையில் வீட்டு வாசலில் ஜீப். அவரைக் கைது பண்ண வந்த இளம் அதிகாரியிடம் ஆர்டரைக் கேட்டு வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கமும் படித்திருக்கிறார். அடியில் கையெழுத்து இல்லை. கையெழுத்தோடு வா, நான் டீ போட்டு வைக்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பையனும் பழக்கதோஷத்தில் சரி மேடம் என்று போய்விட்டான். ஜீப் திரும்பி வருவதற்குள் இரண்டு பிள்ளைகளோடு எல்லையைத் தாண்டிவிட்டார். கணவர் அப்போது வடக்கே ஒரு ஸ்கூலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இவர் அவரைப் பார்க்கவே இல்லை. அடக்கத்துக்குக்கூடப் போகமுடியவில்லை.

பாவி, நான் எதைக் கேட்டேன் என்று வெட்கமாகிவிட்டது. அவர் பேப்பரை என் பக்கம் தள்ளினார்: "ஒரு கையெழுத்து இல்லாததாலதான் நான் உயிரோட இருக்கேன். பார்க்காம எப்படிப் போடுவேன்?"

இயன்றவரை

மூன்றாவது வரைவில் ஒரே ஒரு கோடு. "இயன்றவரை சொந்த ஊரில் அடக்கம் செய்யப்படவேண்டும்" என்று வக்கீல் எழுதியிருந்தார். அந்த "இயன்றவரை"யை எடுத்தால்தான் ஆச்சு என்றார் ஆன்ட்டி. அந்த ஒரு வார்த்தையை வைத்து அவரே எத்தனையோ வாக்குறுதியைக் கொன்றிருக்கிறாராம். அதை விட்டால் மகன் அதில் நுழைந்து வெளியே வந்துவிடுவானாம். நியாயம்தான்.

ஆனால் அன்று என்னிடம் பத்து நிமிஷத்துக்குள் இரண்டு தடவை கேட்டார், உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று. நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இன்றைக்கு இதில் போட்டுவிடுங்கள் ஆன்ட்டி, அடுத்த வாரம் மாற்றி இன்னொன்று போடலாம் என்று சொல்ல எனக்கு என்ன கேடு? ஆலோசனை சொல்வது நோட்டரி வேலை இல்லை என்று ஒரு சாக்கு. மகளை டான்ஸ் கிளாஸில் பிக்கப் பண்ணணும் என்று இன்னொரு சாக்கு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "ஒரே ஒரு வார்த்தைதானே. போய்ட்டு வா."

நாலாவது வரைவு

வக்கீல் லீவில் போய்விட்டதால் ஐந்து வாரம் ஆனது. நடுவில் ஆன்ட்டிக்குச் சின்னதாக ஒரு ஸ்ட்ரோக். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீலத் துணி உடுத்தி, அதே துணியில் தலைக்கட்டு கட்டி, நேராக உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் சோபா நுனியில் இருந்தார்கள். பேப்பரில் ஒரு குறை கிடையாது.

கேட்டேன். பெயரைச் சரியாகச் சொன்னார். இது என்ன பேப்பர் என்றதும், மீன்பிடி எல்லை ஒப்பந்தம் என்றார். வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். அதே பதில்தான். எஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கேட்டது இதுதான்னு உங்களுக்கே தெரியும், நீங்க மூணு தடவை காதால கேட்டீங்க, ஸ்டாம்ப் பண்ணுங்க என்று அழுதாள். எனக்குத் தெரியும்தான். அந்த அறையில் எல்லோரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னால் முடியாது எஸி என்று சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

நாங்கள் அழுவதை ஆன்ட்டி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, எதிர் நாட்டுத் தூதரிடம் பேசுகிற மரியாதையோடு என்னிடம் சொன்னார்: "வருத்தப்படாதீங்க. எங்க தலைநகரத்திலிருந்து உத்தரவு வரட்டும், வந்த உடனே போட்டுடறேன்."

மூன்று மாசம் கழித்து ஆன்ட்டியை ஹூஸ்டனில் அடக்கம் பண்ணினார்கள், இத்தனை வருஷத்தில் என் முத்திரையைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை.