அரசாங்கத்துக்கு வைத்த கையெழுத்து

அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. மட்டக்களப்பு நகரத்தில், வாவிக் கரையோரமாக இருந்த ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் லிகிதராக எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. சித்தாண்டியிலிருந்து காலையில் பஸ் பிடித்து வருவேன், பொழுது சாயும்போது திரும்பிப் போவேன். இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அந்த நாட்களில் எங்கள் ஊரில் அரசாங்க உத்தியோகத்தன் என்றால் தலையில் கிரீடம் ஒன்றுதான் குறை. எனக்கோ அதுவும் இருப்பதாகவே நினைப்பு.

என் மேசைக்கு வந்து சேர்ந்த வேலை இதுதான். அரச சேவைக்குப் புதிதாகத் தெரிவாகிறவர்களைப் பற்றி விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். தெரிவானவர் முதலில் கந்தோருக்கு வந்து ஒரு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பார். ஆசுபத்திரியில் தன்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள், வங்கியிலும் தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்திலும் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் அரசாங்கம் பார்க்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்ளும் தாள் அது. அதைக் காட்டினால்தான் ஆசுபத்திரிப் பதிவு அறையில் புத்தகத்தை எடுத்துத் தருவார்கள். கையெழுத்து வைக்காவிட்டால் வேலையும் இல்லை. ஆகவே எல்லோரும் வைத்தார்கள். பலர் வாசித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். நானும் வாசியுங்கள் என்று சொன்னதில்லை.

தெருவில் என்னைக் கண்டால் சிலர் வேண்டுமென்றே சிரித்துப் பேசுவார்கள். தங்களைப் பற்றி இவனுக்கு ஏதோ தெரியும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

அப்போது என் தங்கைக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பா இறந்து சில வருடங்கள். அம்மாவும் நானும் தங்கையும்தான் வீட்டில். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தங்கை தையல் பழகப் போவாள். தையல் சொல்லிக்கொடுத்த அக்காவின் தம்பிதான் மாப்பிள்ளை. அமைதியான பிள்ளை, வரைபடம் கீறுவதில் கெட்டிக்காரர், அரசாங்கத்தில் படவரைஞர் வேலைக்குத் தெரிவாகியிருக்கிறார் என்று மாமா வந்து சொன்னார். சாதகம் பார்த்தார்கள். நன்றாகப் பொருந்தியது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு மாதம் கழித்து அவருடைய கோவை, விசாரணைத் தாள்களை வைத்துக் கட்டிய கட்டு, என் மேசைக்கு வந்தது.

உறவுக்காரர், வேண்டியவர் யாருடைய கோவையாவது வந்தால் அதைப் பிரதம லிகிதரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கந்தோர் முறை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார். நான் சொல்லவில்லை. இன்னும் கலியாணம் ஆகவில்லையே, இவர் எப்படி உறவாவார் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். உண்மையில், நம் வீட்டுக்கு வரப்போகிறவரை உள்ளும் புறமும் பார்த்துவிடலாம் என்ற ஆசைதான்.

அவர் கையெழுத்து வைக்க வந்தார். மற்றவர்களைப் போல இல்லை, அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்.

"இதெல்லாம் ஆர் பார்ப்பாங்க?"

"நானும் பிரதம லிகிதரும்தான். வேற ஒருத்தருக்கும் போகாது."

பேனாவைக் கையில் எடுத்தார். "நீங்க அந்த வீட்டு ஆள் எண்டபடியாக் கேட்டன்" என்றார்.

"இஞ்ச நான் கந்தோர் ஆள். வீட்டு ஆள் இல்ல" என்று நான் சொன்னேன். அதை எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பது இன்னும் காதில் கேட்கிறது. அவர் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

தபாற்கந்தோர்ப் புத்தகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆசுபத்திரியில் பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அவருடைய பெயரை நெஞ்சு நோய் வார்ட்டில் கண்டேன். காசநோய். எட்டு மாதம் உள்ளே இருந்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் கொழும்பில் படம் கீறப் பழகினார் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார்கள். பதிவின் கடைசியில், பூரண சுகம், எந்த வேலையும் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் தவறாமல் வந்து நெஞ்சுப் படம் எடுத்துக் காட்டியும் இருக்கிறார். அரசாங்கத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. 'தகுதியுடையவர்' என்று என் கையாலேயே எழுதினேன். அந்த இடத்தில் என் வேலை முடிந்துவிட்டது. முடிந்த வேலையை நான்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அம்மா முற்றத்தில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தா. கலியாணத்துக்கு முதல் வீட்டுக்கு எந்தப் பக்கம் புதிதாக ஓர் அறை இறக்கலாம் என்று பேசிக்கொண்டு போனவ, நான் பதில் பேசாததைக் கண்டு கையை நிறுத்தினா.

"நீ இப்பிடி இரிக்கிறதப் பார்த்தா என்னவோ தெரிஞ்சி வெச்சிரிக்காய். சொல்லு மனே. அவன் இந்த வீட்டுக்குள்ள வந்து இரிக்கப்போறவன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அம்மாவின் சட்டியில் சமைத்ததைத்தான் அவரும் சாப்பிடுவார், அம்மாவின் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவார். ஆகவே அம்மா கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அவவுக்குக் கேட்கிற உரிமை இருந்தது. எனக்குத்தான் சொல்கிற உரிமை இல்லை. அவரிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல், காசநோய் இருந்தது என்று நானே சொல்லிவிட்டேன். சுகமாகிவிட்டது என்றும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆனால் அம்மா முதல் வார்த்தையோடு நின்றுவிட்டா. அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயர் ஒரு வீட்டில் நுழைந்தால் வேறு எதுவும் காதில் ஏறாது.

இரண்டு நாளில் மாமாவிடம் சொல்லி அனுப்பினா, சாதகத்தை இன்னொருவரிடம் காட்டினோம், பொருந்தவில்லை என்று.

அடுத்த கிழமை அவர் கந்தோருக்கு வந்தார். நியமனக் கடிதம் எப்போது வரும் என்று கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் அரசாங்கத்துக்குத்தான் கையெழுத்து வெச்சன். உங்கட அம்மாவுக்கு வெக்கல்ல."

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் வந்தது பயம். இவர் மேலே எழுதிப் போட்டால் என் வேலை போய்விடுமே என்ற பயம். ஒரு கிழமை, வாசலில் தபால்காரரைக் கண்டாலே எழுந்து போய்க் கடிதங்களை நானே வாங்கிப் பார்த்தேன். அவர் எழுதவே இல்லை.

அவர் வந்துபோன அன்று வீட்டுக்குப் போனபோது தங்கை கிணற்றடியில் காத்துக்கொண்டிருந்தாள். கலியாணம் நின்றதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஏமாற்றத்தில் இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணன். அவர் எனக்குச் சொன்னவர்."

சாதகம் பார்க்க முதலே, தையல் வீட்டில், தன் அக்காவையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார். எட்டு மாதம், ஊசி மருந்து, முதுகு முழுக்க வேர்த்த இரவுகள், எல்லாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு நில அளவையாளர்தான் அவருக்கு வரைபடம் கீறப் பழக்கினாராம். அந்த மனிதர் பிழைக்கவில்லை. இதெல்லாம் நான் பார்த்த பதிவில் இல்லை. அதில் நாளும் மருந்தும் எடையும்தான் இருந்தன.

"உனக்குப் பயமா இரிந்தா இப்பயே இல்லை எண்டு சொல்லு, நான் கோவிக்க மாட்டன் எண்டவர். நான் ஓம் எண்டுட்டன். உத்தியோகக் கடிதம் வந்த உடன வந்து அம்மாட்டத் தானே சொல்லுறன் எண்டு இரிந்தவர். அதுக்கிடையில நீங்க சொல்லிப்போட்டீங்க."

தங்கையைக் காப்பாற்றினேன் என்று அதுவரை மனதுக்குள் ஒரு மூலையில் வைத்திருந்த சமாதானமும் அந்தக் கிணற்றடியில் போய்விட்டது.

மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். மேசையில் தாளை விரித்துக் கீறிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கோட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் சொல்லியிரிந்தா அது என்ட கதை. நீங்க சொன்னதால அது என்ட குற்றமாப் போச்சு."

அம்மாவைச் சரிக்கட்டுகிறேன், ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். தங்கையின் பெயரைச் சொன்ன பிறகுதான் சரி என்றார்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் சென்றது. தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். டாக்டர் எழுதியதை நான் பத்துத் தரம் சொன்னேன். கடைசியில் அம்மா, "வரட்டும், பாப்பம்" என்றா.

அவர் மாமாவோடு வந்தார். வெள்ளை வேட்டி, நன்றாக வாரிய தலை. அம்மா மரியாதையாகத்தான் பேசினா, குறை சொல்ல முடியாது. பேச்சு வயல், மழை, நியமனக் கடிதம் என்று நல்லபடியாகப் போனது. கடிதம் வந்துவிட்டதாம், பதுளைப் பக்கம் போட்டிருக்கிறார்களாம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை உள்ளே கதவோரம் நின்றாள்.

அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. மாமாவுக்கும் எனக்கும் வீட்டில் எப்போதும் விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவருக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை. புதிது. அடியில் கடைக்காரன் ஒட்டிய தாள்கூட முழுதாகப் போகவில்லை. அந்த நோய் வந்தவர்களுக்கு வீட்டில் தனிக் கோப்பை வைப்பார்கள்; தனிக் கோப்பை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மாமா வேறு பக்கம் பார்த்தார். நான் என் கோப்பையை அவருக்குக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக் குடித்திருக்கலாம். கை நீளவில்லை. அது நான் செய்த இரண்டாவது பிழை.

அவர் முழுவதையும் குடித்தார். எழுந்து கிணற்றடிக்குப் போய், தானே தண்ணீர் அள்ளி, அந்தக் கோப்பையை உள்ளும் புறமும் கழுவினார். குசினி வாசலில், மற்றப் பாத்திரங்களுக்குக் கிட்டக் கொண்டு போகாமல், தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

"தேத்தண்ணி நல்லா இரிந்திச்சு அம்மா" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார்.

இரண்டு நாளில் மாமா செய்தி கொண்டு வந்தார். கலியாணம் வேண்டாமாம். தங்கையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்த வீட்டுக்குள் வந்து காலம் முழுக்க இருக்க என்னால் முடியாது என்று சொன்னாராம். ஒரு மாதத்தில் பதுளைக்குப் போய்விட்டார். அம்மா அன்றிரவு நெடுநேரம் குசினியில் விளக்கை அணைக்காமல் இருந்தா. பிள்ளைக்காகப் பயந்ததைத் தவிர அவ வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பயத்தை அவவின் கையில் கொடுத்தவன் நான்.

பிறகு நான் பிரதம லிகிதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, நீ சொல்லாட்டி ஆருக்கும் தெரியப்போறதில்ல. சொன்ன பிறகு உன்ன இந்த மேசையில வெச்சிரிக்கவும் ஏலாது" என்றார். அடுத்த திங்களே காகிதாதிகள் இருக்கும் களஞ்சிய அறைக்கு மாற்றிவிட்டார். பென்சிலும் மையும் எண்ணிக் கொடுக்கிற வேலை. அதில் யாருடைய கதையும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. அவர் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன அந்தக் கண்ணாடிக் கோப்பையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அடுத்த நாள் காலையிலிருந்து அதில்தான் தேத்தண்ணி குடித்தாள். அம்மா ஒருநாள் மறைத்து வைத்தா, தேடி எடுத்தாள். பிறகு அம்மாவும் விட்டுவிட்டா. நாலு வருடம், வேறோர் இடத்தில் கலியாணம் பேசி முடிக்கும்வரை, காலையும் மாலையும் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல், அந்தக் கோப்பையில் குடித்தாள்.

தங்கை நன்றாகவே வாழ்ந்தாள், பிள்ளைகளும் பெரியவர்களாகிவிட்டார்கள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. ஆனால் யாராவது என்னை நம்பி ஒன்றைச் சொல்லும்போதும், யாருடைய தாளாவது தவறி என் கண்ணில் படும்போதும், தெரிந்துகொண்டதால் மட்டும் அது என்னுடையதாகிவிடாது என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.