மூச்சுக்கு அசையாத பஞ்சு

இலவம் பஞ்சை நூலாக நூற்க முடியாது. இழை குட்டை, வழுக்கும், முறுக்கினால் பிடித்து நிற்காது. பருத்தியைப் போலத் துணியாகிற யோக்கியதை அதற்கில்லை. ஆனால் தண்ணீர் அதற்குள் இறங்காது. வெள்ளைக்காரனுக்கு அது போதும். மெத்தைக்கும் தலையணைக்கும் வாங்கினான். கப்பல் கவிழ்ந்தால் ஆள் மிதப்பதற்கு மாட்டிக்கொள்ளும் உடுப்புக்குள் அடைக்கவும் வாங்கினான். கடலில் விழுந்தவன் மூச்சு விட வேண்டும் என்று கெலிஓயாவில் பஞ்சு சுத்தம் செய்த பெண்கள் மூச்சு முட்டிக் கிடந்தார்கள். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

தேயிலை விலை விழுந்தபோது புசல்லாவைத் தோட்டத்தில் எனக்கும் என் பெண்சாதிக்கும் பத்துச்சீட்டைக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது, போ என்று அர்த்தம். "ஊருக்குப் போங்க" என்றார் கணக்கப்பிள்ளை. எங்கள் தாத்தன்மார் கடல் தாண்டி வருவதற்கு முன் இருந்த ஊரைச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அந்த மலையில். எந்த ஊருக்குப் போவது?

கெலிஓயாவில் ஆற்றோரம் ஒரு பஞ்சுக் கொட்டகைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பஞ்சு சுத்தம் செய்கிற பெண்ணுக்குக் கொட்டகையின் பின்னால் ஒரு காம்பிரா கொடுத்தார்கள். ஓர் அறையும் ஓர் அடுப்பும். அவள் வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அறை. கூட வந்த புருஷன் இலவசம் என்று நினைத்தார்களோ என்னவோ, என்னைப் பஞ்சைச் சாக்கில் காலால் அழுத்திப் பொதி மிதிக்கப் போட்டார்கள்.

மாத்தளைப் பக்கத்திலிருந்து காய்கள் வண்டியில் வரும். காயை உடைத்துப் பஞ்சை எடுத்து, வலை போட்ட கூண்டில் வெயில் காட்டி, பிறகு கொட்டகைக்குள் கொண்டுபோவார்கள். அங்கே பெண்கள் கூடைகளுக்கு முன்னால் குந்திக்கொண்டு, மோர் கடைகிற மத்து மாதிரி ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுவார்கள். விதை அடியில் விழும். பஞ்சு மேலே எழும். எழுகிற பஞ்சு காற்றோடு போய்விடும் என்று கதவும் சாளரமும் எப்போதும் அடைத்தே இருக்கும். பங்குனி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. மாலையில் வெளியே வரும்போது புருவம், இமை, மூக்குத் துவாரம் எல்லாம் வெள்ளை. என் பெண்சாதி வாசலில் நின்று காறித் துப்புவாள். எச்சில் தரையில் விழாது. நூல் மாதிரி உதட்டில் தொங்கும்.

இருமல் எல்லோருக்கும் வந்தது. ஒருத்தி இருமினால் அவள் முன்னால் கிடக்கிற பஞ்சு விதையும் தூசியுமாக எழும்பிச் சுத்தமான குவியலில் போய் விழும். முதலாளி கத்தினார். கொட்டகைக் கங்காணி ஒரு வழி கண்டுபிடித்தான். அவனும் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவன்தான். காலையில் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகைப் பஞ்சை வைப்பான்.

"மூக்குக்கு நேரா நீட்டு புள்ள. பஞ்சு பறந்துச்சுன்னா நீயும் பறந்துரு."

சும்மா நிற்க விடமாட்டான். சிரிக்க வைப்பான்.

"என்னா அக்கா, கண்ணு செவந்திருக்கு? ராத்திரி இருமலா, மச்சானா?"

சிரித்தால் இருமல் வரும். இருமினால் பஞ்சு பறக்கும். பறக்காதவள் கையில் இருக்கிற பஞ்சோடு உள்ளே போய், அதைத் தானே தன் கூடையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். பறந்தவள் சட்டி பானையை எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைக்காரி ஒருத்தி காலையில் போனாள். மத்தியானம் அவள் அடுப்பில் வேறொருத்தி சோறு பொங்கினாள். அந்தச் சாம்பலைக்கூட அள்ளவில்லை.

அடுத்த பருவத்துக் காய் வரத் தொடங்கியபோது என் பெண்சாதிக்கு இருமல் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. முதலில் மூச்சை அடக்கிப் பார்த்தாள். முகம் கறுத்துவிடும். கங்காணி அதையும் பார்த்துவிட்டு வேண்டுமென்றே மெதுவாக நகர்வான். ஒரு நாள் பஞ்சு விரல் வரைக்கும் உருண்டுபோய் நின்றது. அன்றைக்கு அறைக்கு வந்ததும் சொன்னாள்.

"ஆத்தங்கரையில ஒரு பலா நிக்குதுல்ல. கொஞ்சம் பால் எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"குருவி புடிக்கக் கொம்புல தடவுறாங்கல்ல? பஞ்சு குருவிய விடப் பெருசா?"

பலாப்பாலை உள்ளங்கை நடுவில் மெல்லிசாகத் தடவினாள். பஞ்சு அசையவில்லை. உள்ளே போனதும் பிய்த்துப் போட்டு, பிசுபிசுப்பு ஒட்டாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வாள். கங்காணிக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கக்கூடத் தொடங்கினாள். "இன்னைக்கு அவன் மூஞ்சிக்கு நேரா இருமினேங்க, பஞ்சு செத்த எலி மாதிரி கெடந்துச்சு" என்பாள்.

பிறகு கொழும்புக் கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். பஞ்சை வாங்கிக் கப்பலேற்றுகிற கம்பனி. வந்தவர் தீவின் வடக்குப் பக்கத்துத் தமிழர், கோட்டுப் போட்டவர். பொதிகளில் முழங்கை வரை கையை விட்டு, இழுத்த பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முள்ளிலவு கலந்திருக்கோ? நிறம் மங்கலாக் கிடக்கு."

"இல்லீங்க ஐயா, எல்லாம் நல்ல இலவு" என்றார் முதலாளி. முள்ளிலவு மட்டமான சாதி, கலந்திருந்தது உண்மைதான். பேச்சை மாற்ற அவருக்கு ஏதாவது வேண்டியிருந்தது. "எங்க சுத்தத்தப் பாக்கணும் நீங்க. கங்காணி, அந்தக் கைச் சோதனையக் காட்டு."

கங்காணி பெண்களை வெளியே வரிசையாக நிறுத்தினான். நான் அப்போது மரச் சட்டத்தில் தொங்குகிற சாக்குக்குள் நின்று பஞ்சை மிதித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு வரை சாக்கு. திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது.

வேலை நடுவில் கூப்பிடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அடிப்பாவி, முந்தானையில் ஒரு சிரட்டைத் துண்டில் பால் வைத்திருந்தாள். வரிசையில் நின்றபடியே தடவிக்கொண்டாள். அவசரத்தில் அதிகமாகிவிட்டது.

அவள் முறை வந்தது. பஞ்சை வைத்தான். அப்போது இருமல் பிடித்தது. சின்ன இருமல் இல்லை. உடம்பு இரண்டாக மடிந்தது, கை கீழே போய் மேலே வந்தது. பஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

கோட்டுக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போனார்.

"இதென்ன அதிசயம்? மனிசி ஆடுறா, பஞ்சு ஆடேல்லை. கையைக் கவுத்துக் காட்டும் பாப்பம்."

கவிழ்த்தாள். பஞ்சு தொங்கியது.

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு முதலாளி. கங்காணி சிரிக்கவில்லை. பெரியவர்களுக்கு முன்னால் ஏமாந்துபோனவன் முகம் அது.

"பஞ்சு மேல அம்புட்டு ஆசையாடி உனக்கு? ஆளுக்கு ஒரு கை பஞ்சு வைங்கடி இவ மேல!"

வைத்தார்கள். எங்களோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள். கையில், கழுத்தில், கன்னத்தில். தட்டிவிடப் பார்த்தாள், கையிலிருந்த பால் கழுத்துக்கும் கன்னத்துக்கும் பரவி எல்லாம் ஒட்டியது. ஒருத்தி "கோவிச்சுக்காத தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். இன்னொருத்தி "கொக்கு மாதிரி இருக்கடி" என்றாள். அவளுக்கும் அறை வேண்டும். தெரியும். அதற்காக மன்னிக்க முடியுமா? நான் மன்னிக்கவில்லை.

சாக்கிலிருந்து ஏறி வருவதற்கு நேரம் பிடித்தது. வந்து கங்காணியின் வாயில் குத்தினேன். ஒரு குத்துத்தான் கிடைத்தது. வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெயில் தாழ்வதற்குள் எங்கள் சட்டி பானை ரோட்டில் கிடந்தது. பலாப்பால் தண்ணீரில் போகாது, எண்ணெய் வேண்டும். எங்களிடம் எண்ணெய் இல்லை. அவள் அப்படியே நடந்தாள். ரோட்டில் போனவர்கள் கூத்தாடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

பேராதனையில் சில நாள் கூலிக்கு மண் சுமந்தேன். பிறகு பிலிமத்தலாவையில் வேறு ஒரு முதலாளியின் பஞ்சுக் கொட்டகை இருக்கிறது, அங்கேயும் காம்பிரா கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். போனோம். வாசலில் இருந்த ஆள் எங்களைக் கண்டதும் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்தான்.

"கைய நீட்டும்மா. புதுச் சட்டம். கொழும்புக் கம்பனியில சொல்லிட்டாங்க, எல்லாக் கொட்டகையிலயும் பாக்கணுமாம். முதல்ல நிமித்தி, பொறவு கவுத்தி."

கங்காணியின் விளையாட்டு கோட்டுக்காரருக்குப் பிடித்துப்போயிருந்தது. கவிழ்க்கச் சொல்லும் பாடத்தை எங்களிடம் படித்துக்கொண்டு போயிருந்தார்.

அவள் கையை நீட்டினாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பஞ்சைத் தானே அவன் முகத்தில் ஊதினாள்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவன் சிரித்தான். "ஆனா இங்க வேணாம். புருஷன் வேணும்னா வரட்டும். பொதி மிதிக்க ஆள் இல்ல."

பெண்ணுக்குத்தான் காம்பிரா. எனக்கு வண்டி மாடு கட்டுகிற இடத்தில் ஒரு மூலை கிடைத்தது. நான் போனேன், மழை வரப்போகிறது, வேறு என்ன செய்வது. அவள் மாடுகளுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தாள். அவள் இருமினால் மாடுகள் மிரளுகின்றன என்று வண்டிக்காரன் முறைப்பாடு சொன்னான். மழை விடுவதற்குள் செத்துப்போனாள். புதைத்த மறுநாள் இரண்டு பொதி மிதித்தேன். லாரி காத்துக்கொண்டிருந்தது.