தமிழில் பாடிய ஜப்பான் பேய்

சௌல்தாரி என்ற தீவுக் கிராமத்தில் எங்கள் வயலை ஒட்டிய மேட்டில், ஜப்பான்காரர்கள் சண்டைக் காலத்தில் கட்டிவிட்டுப் போன பதுங்குகுழி ஒன்று இருந்தது. வாய் முழுக்கப் பாசி. உள்ளே எந்நேரமும் நீர் சொட்டும். அதில் ஜப்பான் பேய் குடியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு வங்காளி மாசி சொல்வாள். அப்பா சிரிப்பார். காட்டை வெட்டி வயலாக்கியவர், பாம்பை வாலைப் பிடித்து வீசுகிறவர். அவருக்குப் பேய் எம்மாத்திரம்?

எனக்கு ஏழு வயதிருக்கும்போது மெயின்லேண்ட் கப்பலில் ஒரு கடிதம் வந்தது. ஊரில் சித்தி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சித்தியை நான் பார்த்ததே இல்லை. அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். சுற்றிலும் வங்காளிகள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள். கட்டிப்பிடித்து அழ ஒரு தமிழ்ப் பெண் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தப்பிப்போன கோழியைத் தேடி மேட்டுக்குப் போனேன். குழிக்குள்ளிருந்து ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது. பாட்டா அழுகையா என்றே தெரியவில்லை. தீவில் பிறந்த நான் அதுவரை ஒப்பாரி கேட்டதில்லை. சுவரில் மோதி மோதி வந்த அது மனுஷக் குரலாகவே இல்லை. கோழியை மறந்து ஓடினேன்.

"அப்பா, ஜப்பான் பேய் பாடுது! தமிழ்ல பாடுது! தங்கச்சி, தங்கச்சிங்குது!"

அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேடேறினார். குழி வாசலில் நின்று கேட்டார். உள்ளே போகாமல் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஆமா புள்ள, பேய்தான். மத்தியானத்துல யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது."

வேலிக்கு அப்பால் நின்ற மாசியிடமும், "உதர் மத் ஜானா, சச்முச் பூத் ஹை" என்று அதையே இந்தியில் சொன்னார். மாசி பிள்ளைகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

வெகுநேரம் கழித்து அம்மா வீங்கிய முகமும் தலையில் விறகுமாக மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். அப்பா எதிரே போய்ச் சுமையை வாங்கிக்கொண்டார். பேய்க்கு அவ்வளவு பக்கத்தில் விறகு பொறுக்கிய அம்மாவின் தைரியம் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பின் பத்து நாள், அம்மா விறகுக்குக் கிளம்பியதும் அப்பா அரிவாளோடு பின்னாலேயே போவார். குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பேய் வெளியே வந்து ஊரைப் பிடித்துவிடாமல் எங்கள் அப்பாதான் காவல் இருக்கிறார் என்று மாசியின் பிள்ளைகளிடம் நான் இந்தியில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.