எங்க லாட்ஜ் போட்டோவுல அழுவுற அம்மா

திருப்பதியில நான் வேலை செய்யற லாட்ஜ்ல, கவுன்ட்டருக்குப் பின்னாடி அந்தப் பிரபலமான போட்டோ மாட்டியிருக்கு. மொட்டைத் தலையில சந்தனம், கண்ணுல தண்ணியோட ஒரு பொண்ணு. பேரு 'பக்திக் கண்ணீர்'. வர்றவங்க அதைக் கும்பிட்டுட்டுத்தான் சாவி வாங்குவாங்க.

இன்னிக்கு அந்தப் போட்டோவுல இருக்கறவங்களே ரூம் கேட்டு வந்து நின்னாங்க. பக்கத்து ஊரு நகரிக்காரங்க. இப்போ நீளப் பின்னல், நரை வேற. மூக்கோர மச்சத்தை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். போட்டோவைக் காட்டிக் கேட்டேன்.

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். சந்தனம் வேர்வையோட கண்ணுல வழிஞ்சி எரிஞ்சிக்கினு இருந்துச்சி. தொடைக்க ஒரு துண்டு கேட்டேன். போட்டோ எடுத்த ஆளு 'அசையாதம்மா'ன்னு சொல்லிட்டு எடுத்துக்கினே இருந்தான்."

எனக்கு அவன்மேல அப்படி ஒரு ஆத்திரம்.

சாவியை வாங்கிட்டு, "ரூம்ல துண்டு இருக்குமா சார்?"ன்னாங்க.

முதலாளிக்கு போன் போட்டு, யாரு வந்திருக்காங்கன்னு சொல்லி ஒரு துண்டு கேட்டேன்.

"துண்டெல்லாம் நாம குடுக்கறதில்ல. அந்தம்மாவை போட்டோ கிட்ட நிக்க வெச்சி ஒரு படம் எடுத்து அனுப்பு."

இவரை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க.