மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

இன்று சைக்கிள் கடையில் மானம் போனது.

மகள் கைகாட்டியது முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த மலைச் சைக்கிள். நான் ஏறி உட்கார்ந்ததும் பொசுக்கென்று அமுங்கியது. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? ஸ்பிரிங் பட்டை முறிந்துவிட்டது என்று பதறி இறங்கி, தரையில் படுத்து அடியில் பார்த்தேன்.

"யப்பா, எந்திரிங்க. எல்லாரும் பாக்காங்க" என்றாள் மகள்.

பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் கேட்ட சைக்கிள் என்று, விலை தெரியாமல் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த விலைக்குக் கடலுக்குப் போகிற பழைய வள்ளமே வாங்கலாம். இப்போது முடியாது என்றால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

கடைக்கார அண்ணாச்சி அவளிடம் கேட்டார். "எங்கனம்மா ஓட்டப்போற?"

"உப்பளத்து ரோட்டுல."

"அங்கன ஏதும்மா மலை? உப்புத்தண்ணி பட்டா இதுல பின்னால உள்ள பேரிங்கெல்லாம் இறுகிரும். முன்னால மட்டும் ஷாக் உள்ளத எடு. விலையும் பாதிதான்."

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவே போதும்பா" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. "ஒனக்குப் பிடிச்சாச் சரிதாம்ளா" என்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டேன்.

வரும் வழியில், "ஒங்களுக்கு வருத்தமாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

இருபது வருடம் லாரி சீட்டில் குலுங்கிய இடுப்புக்கு முதலில் ஏறிய அந்த மலைச் சைக்கிள்தான் சுகமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.