திரையில் ஏரி வரைந்த கோகிலா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஏனாத்தூரில் ஒரு வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பத் அண்ணன் அழைத்தார். "உங்க அக்கா பூட்டாப்பா" என்றார். கோகிலா அக்கா இறந்துவிட்டார். வேலையை அப்படியே விட்டு உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினேன்.

கோகிலா அக்காவும் அவர் கணவர் சம்பத் அண்ணனும் உத்திரமேரூரில் கேபிள் டிவி நடத்தியவர்கள். நான் முன்பு அவர்களிடம் கேபிள் ஒயர் இழுத்தவன். மூடப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து அக்கா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். பேசிக் என்ற கணினி மொழியில் கட்டளை எழுதினால், எங்கள் உள்ளூர் சேனல் வழியே டிவி திரையில் ஓடும். அதில் ஆங்கில எழுத்துகளும், விளையாட்டுப் படங்கள் வரைவதற்கான கட்டம், அரைக்கட்டம், சாய்கோடு போன்ற குறிகளும்தான் உண்டு. தமிழ் கிடையாது.

"கட்டம் கீது இல்ல? அது போதும்" என்றார் அக்கா.

கட்டங்களை அடுக்கி 'அ' செய்தார். வளைவுகளுக்குச் சாய்கோடு வைத்தார். 'ழ' மட்டும் அவரைப் பாடாய்ப் படுத்தியது. "நம்ம ஊர்ல இத ஒயுங்கா சொல்லவும் வராது, எயுதவும் வராது" என்று சிரிப்பார். விரைவிலேயே காணாமல் போன மாடும் மின்தடையும் எங்கள் சேனலில் தமிழில் ஓடின.

பிறகு ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்து ஏரி தளும்பியது. கரையில் மண் சரிவதைப் பார்த்துவிட்டு நான் ஓடி வந்து சொன்னேன். கரைக்குக் கீழேதான் கூலி வேலை செய்பவர்களின் காலனி. அக்கா சேனலில் ஓடிய சினிமாவை நிறுத்தி, காலனிக்காரர்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி எழுத்து ஓடவிட்டார். சற்று நேரத்தில் காலனியிலிருந்து மேரி நனைந்தபடி வந்து நின்றார்.

"இன்னாக்கா, படத்த நிறுத்திட்டு இன்னாமோ எயுதிக்கினு கீறீங்க? எங்க வூட்ல யாருக்குப் படிக்கத் தெரியும்?"

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "கரை சரியுது மேரி, ஓடிப்போய்ச் சொல்லு! எல்லார் வூட்டுக்கும் நான் காட்றேன்."

உட்கார்ந்தார். கட்டங்களை நிரப்பி ஏரி. சாய்கோடுகளால் கரை. அதற்குக் கீழே சின்னச் சின்ன வீடுகள். கரையில் ஒரு கட்டம் அழிந்ததும் தண்ணீர் வழிந்து வீடுகளை மூடியது. புள்ளிகள் வரிசையாக மேட்டுப் பள்ளிக்கூடத்தை நோக்கி நகர்ந்தன. தப்பைத் திருத்தித் திருத்தி எழுதி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

அண்ணனும் நானும் காலனிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் பாய், சட்டி, ஆடுகளோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "டிவில தண்ணி வூட்டு மேல வருது!" என்று ஒருவர் கத்தினார். சாயங்காலம் கரை உடைந்தது. வீடுகள் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

அக்கா இதைப் பெருமையாகப் பேசியதில்லை. "படம் வரையக் குடுத்தத படம் வரையத்தான வெச்சேன், இதுல இன்னா கீது?" என்பார். நோய்ப்படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் கைபேசியில் பேசிக்கை ஓட்டி, அரைக்கட்டங்களால் எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாடை கட்டி முடித்தபோது மேரியும் காலனிப் பெண்களும் வந்தார்கள். சாவுக்கு வந்தாலும் அவர்கள் தெருமுனையிலேயே நின்றுவிடுவதுதான் எங்கள் பக்கத்துச் சாதி வழக்கம். அன்று நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"நாங்க தூக்கறோம்ணா" என்றார் மேரி.

உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். சம்பத் அண்ணன் எழுந்து நின்றார். "தூக்கும்மா. அவ இருந்தா வேற இன்னா சொல்லுவா?"

முன்னால் மேரி தோள் கொடுத்தார், பின்னால் நான். முணுமுணுத்தவர்களும் ஒதுங்கி வழிவிட்டு, பிறகு கூடவே நடந்து வந்தார்கள்.

போய் வாருங்கள், அக்கா.