நான் கண்ணை எடுத்த ஆட்டம்

கால்பந்தில் கோல் அடித்தவனை ஊரே தோளில் தூக்கும். பின்னால் நின்று தடுக்கிற ஃபுல்பேக்கை யாரும் தூக்கியதில்லை. கோல் விழுந்தால் மட்டும் 'எங்கடா போனான் அவன்?' என்று தேடுவார்கள். கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்க அணிக்கு அறுபதுகள் முழுக்க நான்தான் ஃபுல்பேக். எனக்கு வேகம் போதாது. எதிராளியின் காலிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன், அவ்வளவுதான் என் வித்தை. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஒருமுறை ஊரிகம் மைதானத்தில் பெங்களூர் அணியோடு ஆட்டம். மாநில அணிக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பெயர் அடிபடுவதாக முந்தின நாளே காதில் விழுந்திருந்தது. என்னைவிட அண்ணனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. தன்னோடு கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களிடமெல்லாம் "எந்தம்பி ஸ்டேட்டுக்கு ஆடப் போறான்" என்று சொல்லிவைத்திருந்தார். ஆட்டத்தன்று அவருக்கு ஷிஃப்ட், பூமிக்கடியில் இருந்தார்.

ஆட்டம் முடியும் நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்களுடைய ஃபார்வர்டு பந்தோடு என்னை நோக்கி வந்தான். அப்போது தரை அதிர்ந்தது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே அப்படித்தான் அதிரும். எங்கள் ஊரில் குழம்பு கிண்டுகிறவள்கூட உடனே நிமிர்ந்து சுரங்க வாயை, ஷாஃப்ட் பக்கம்தான் பார்ப்பாள். நானும் பார்த்தேன். எங்கள் அணி மொத்தமும் பார்த்தது. அவன் வெளியூர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும்? என்னைத் தாண்டிப் போய் நிதானமாகக் கோல் அடித்தான். ஆட்டம் அதோடு முடிந்தது.

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஷாஃப்டுக்கு ஓடினேன். வாசலில் பெண்கள் கூட்டம். கேஜ் மேலே வரும்போதெல்லாம் எட்டி எட்டி அண்ணன் முகத்தைத் தேடினேன். அன்றைக்கு நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தலையெல்லாம் புழுதியாக அண்ணன் வெளியே வந்தார்.

"மேட்ச் இன்னா ஆச்சி?"

"தோத்துட்டோம்ணா."

"யார் வுட்டது?"

"நான்தான். தரை ஆடிச்சி, ஷாஃப்டைப் பாத்துட்டேன்."

"அறிவு கீதாடா உனக்கு? நீ பாத்தா பாறை நின்னுடுமா?"

கத்தினாரே தவிர, வீடு வரைக்கும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாநில அணியிலிருந்து அழைப்பு வரவேயில்லை. எனக்கு வருத்தம்தான், இன்றைக்கும். ஆனால் இன்னொரு முறை தரை அதிர்ந்திருந்தாலும் திரும்பித்தான் பார்த்திருப்பேன். அண்ணனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் இருக்கிற நாளில் யாரையாவது கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொள்வார். எங்கள் கோலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஆட்டம் தொடங்கும் முன் ஒரு குரல் கொடுப்பார்.

"நான் மேலதான் கீறேன். நீ பந்தைப் பாரு."